குறை சொல்லும் உறவினர்களை எதிர்கொள்வது: பேசும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

சம்பளம், கல்யாணம், குழந்தை, வேலை, உடம்பு, வீடு என்று நம் வாழ்க்கையில் எதை எடுத்தாலும் அதில் குறை கண்டுபிடிக்க ஓர் உறவினர் இருப்பார். சிலருக்கு நாலைந்து பேர். எனக்கும் அப்படித்தான். விளக்கம் சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டும் இருந்து பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. கடைசியில் நிலைமையை மாற்றியது நான் பேசிய பேச்சை விட, பேசுவதற்கு முன்னால் செய்து வைத்த ஏற்பாடுகள்தான். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க ஒருவருக்கு மூன்று வேண்டும்: நம்மைப் பற்றிய செய்தி, நம் மேல் ஒரு பிடி, சுற்றி நின்று கேட்க ஆட்கள். இந்த மூன்றும் இருக்கும்வரை நாம் என்ன பேசினாலும் அடுத்த வாரம் மறுபடி தொடங்கும். ஆகவே முதலில் இவற்றைக் கவனியுங்கள். வாய் திறப்பது அப்புறம்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். அடிப்பது, மிரட்டுவது, வெளியே விடாமல் வைத்திருப்பது, சான்றிதழ்களைப் பிடுங்கி வைத்துக்கொள்வது என்று போயிருந்தால் இந்தக் கட்டுரை போதாது. நம்பகமான ஒருவரின் துணையோடு காவல்துறையையோ வழக்கறிஞரையோ பாருங்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

1. யார், எதில், எப்படி என்று எழுதிப் பாருங்கள்

ஒரு மாதம் போதும். ஒரு நோட்டிலோ கைபேசியிலோ, யார் சொன்னார், எதைப் பற்றி, எங்கே, யார் முன்னால், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று குறித்து வாருங்கள். கூடவே இன்னொரு கேள்வி: இந்த விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது? மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் கேள்விக்கான பதில்தான் பின்னால் பயன்படும்.

எழுதிப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியவரும். முதலாவது, "எல்லாரும் என்னைக் குறை சொல்றாங்க" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான்; மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்பவர்கள். இரண்டாவது, அக்கறையும் தலையீடும் பிரிந்து தெரியும். அக்கறை உள்ளவர் "உனக்கு ஏதாவது வேணுமா" என்று கேட்பார், பதில் கிடைத்ததும் விட்டுவிடுவார். தலையிடுகிறவர் உங்கள் பதிலில் இருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார், யாரோடாவது ஒப்பிடுவார், பழையதைக் குத்திக் காட்டுவார். அக்கறையாகக் கேட்பவரிடமும் இதே கண்டிப்பைக் காட்டிவிடாதீர்கள். நல்ல உறவுகளை அப்படி இழந்தவர்கள் உண்டு.

2. பணம், கையெழுத்து, ஆவணங்கள்: பேசுவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்கள் அதிகம். தாண்டாதீர்கள். "என் விஷயத்தில் தலையிடாதீங்க" என்று நீங்கள் சொன்ன மறுநிமிடம், "அன்னைக்குப் பணம் கேட்டப்ப மட்டும் நான் வேணுமா?" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

கடன் வாங்கியிருந்தால், எவ்வளவு, எப்போது, இதுவரை எவ்வளவு திருப்பிக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மீதியை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் "இந்த மாதத் தவணை அனுப்பியிருக்கிறேன், மீதி இவ்வளவு" என்று ஒரு குறுஞ்செய்தி போடுங்கள். உறவுக்குள் இது என்ன கணக்கு என்று கூச்சமாக இருக்கும். ஆனால் கணக்கில்லாத கடன்தான் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டப்படும். அடைத்து முடித்ததும் அவரிடமிருந்து "கிடைத்தது, கணக்கு முடிந்தது" என்று ஒரு வரி பதில் வாங்கி வையுங்கள். மொத்தமாக அடைக்க முடியாவிட்டாலும், மாதா மாதம் தவறாமல் போகும் ஒரு சிறு தொகையே உங்கள் நிலையை மாற்றிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அவருடைய கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் கட்டாதபோது அந்தக் கடன் உங்கள் தலையில் வந்து விழும். அதை ஒரு நாளில் கழற்றிவிட முடியாது. கடன் கொடுத்த இடத்தின் சம்மதம் வேண்டும். எழுத்து மூலமாகக் கேட்டு, இப்போதைய பாக்கி என்ன என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் ஆவணங்கள். கல்விச் சான்றிதழ், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், சொத்துப் பத்திரம், மருத்துவக் கோப்பு இவற்றில் எதன் மூலப்பிரதி அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரணமாகப் போய்வரும் ஒரு நாளில், மனத்தாங்கல் எதுவும் இல்லாதபோது, "ஒரு விண்ணப்பத்துக்கு வேணும்" என்று எடுத்து வந்துவிடுங்கள். சண்டைக்குப் பிறகு கேட்டால் அது வேறு கதையாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ளவற்றை ஒரே நாளில் உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம்:

- வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் யாருடையது? பணம் எடுத்தால் யாருக்குச் செய்தி போகிறது?
- கூட்டுக் கணக்கு இருந்தால், யார் கையெழுத்தில் பணம் எடுக்கலாம் என்று விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கிறது?
- மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்தால் மீட்பதற்கு யாருடைய எண் கொடுக்கப்பட்டிருக்கிறது?
- மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் அவசரத் தொடர்புக்கு யார் பெயர் இருக்கிறது?
- காப்பீட்டிலும் சேமிப்பிலும் நாமினி யார்? கல்யாணத்துக்கு முன் கொடுத்த பெயரே இன்னும் இருக்கிறதா?
- வீட்டின் இன்னொரு சாவி யாரிடம்?
- உங்கள் சார்பில் செயல்பட யாருக்காவது பொது அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?

இதில் எதையும் ரகசியச் சதி மாதிரிச் செய்ய வேண்டாம். வயதுவந்த ஒருவர் தன் காகிதங்களைத் தானே வைத்துக்கொள்வது இயல்பானது. யாராவது கேட்டால், "எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

கடைசியாக, பணமாக வராத உதவி. குழந்தையைப் பார்த்துக்கொள்வது, தங்க இடம், வண்டி, சிபாரிசு. இதை நிறுத்தினால் வெளியே என்ன செலவாகும் என்று ஒரு மாதக் கணக்குப் போடுங்கள். அந்தச் செலவை ஏற்க முடியும் என்றால் உங்கள் கை ஓங்குகிறது. முடியாது என்றால், இப்போதைக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லை போடுங்கள். மற்றதை, வேறு ஏற்பாடு கிடைக்கும்வரை தள்ளி வையுங்கள். உதவியையும் வாங்கிக்கொண்டு எல்லா வாசலையும் அடைக்கப் பார்த்தால் இரண்டும் உடையும்.

3. செய்தி எங்கே கசிகிறது என்று பாருங்கள்

முதல் படியில் எழுதிய "எப்படித் தெரிந்தது" என்ற கேள்விக்கு இப்போது வாருங்கள். பெரும்பாலும் விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்: நாமே சொன்னது, அம்மாவோ அப்பாவோ சொன்னது, கைபேசியில் நாம் போட்ட படம்.

நாமே சொல்வதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். யோசனையாக இருப்பதைச் சொல்வதில்லை, முடிந்ததைச் சொல்வேன். வேலையை விடப் போகிறேன் என்பது யோசனை, அதற்கு எல்லாரும் கருத்துச் சொல்லலாம். புது வேலையில் சேர்ந்துவிட்டேன் என்பது செய்தி, அதற்கு வாழ்த்துதான் சொல்ல முடியும். வீடு என்றால் பத்திரம் பதிந்த பிறகு. வெளிநாடு என்றால் விசாவும் டிக்கெட்டும் கையில் வந்த பிறகு. சிகிச்சை என்றால், அடுத்து என்ன செய்வது என்று மருத்துவரோடு நீங்கள் முடிவெடுத்த பிறகு.

பெற்றோரிடம் "யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டால் போதாது. அம்மாவிடம் நேராகக் கேட்கிறார்கள், அவர் என்ன செய்வார்? பொய் சொல்லவும் வராது, மழுப்பவும் வராது. அவர் சொல்லத் தோதாக ஒரு வாக்கியத்தை நீங்களே கொடுங்கள்: "அதை அவகிட்டயே கேட்டுக்கோங்க, எனக்கு முழுசாத் தெரியாது." இதைத் தொலைபேசியில் ஒருமுறை சேர்ந்து சொல்லிப் பார்த்தால் அவருக்கும் தைரியம் வரும். முழுசாகத் தெரியாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். விவரங்களை அவரிடமும் குறைத்தே சொல்லுங்கள். இது அம்மாவின் மேல் நம்பிக்கை இல்லாததால் செய்வது அல்ல. அவரை மாட்டிவிடாமல் இருப்பதற்காகச் செய்வது.

இருவருக்கு இடையே இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துத்தான் மனிதர்கள் அதைத் தணித்துக்கொள்கிறார்கள் என்று குடும்பங்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் மர்ரே போவன் சொன்னார். இதை முக்கோணம் என்பார்கள். சித்தப்பா உங்களிடம் கேட்காமல் உங்கள் அண்ணனிடம் வருத்தப்படுவது இதுதான். அண்ணன் வந்து சொன்னால், "சித்தப்பாவுக்கு வருத்தம்னா என்கிட்டயே பேசச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்துங்கள். அண்ணன் வழியாகப் பதில் அனுப்பினீர்கள் என்றால் முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தை நீங்களே வரைந்துவிட்டீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம், கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரம் யாருக்குத் தெரியலாம் என்பதை அமைப்புகளில் மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. குடும்பக் குழுவில் இருந்து வெளியேறாதீர்கள், அது ஓர் அறிவிப்பு போல ஆகிவிடும். ஒலியை அணைத்து வைத்தால் போதும்.

4. துணை இருந்தால், முதலில் அவரோடு ஓர் ஒப்பந்தம்

அவரவர் சொந்தத்தை அவரவர் பேசுவது. இது ஒன்றுதான் விதி. மாமியாரிடம் மருமகள் சொன்னால் அது திமிர் என்று கேட்கும். மகன் சொன்னால் அது முடிவு என்று கேட்கும். மருமகனுக்கும் இதேதான். துணை பேசத் தயாராக இல்லை என்றால் உங்கள் பிரச்சினை உறவினரோடு மட்டும் இல்லை. அதை வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டு இந்தக் கட்டுரையின் அடுத்த படிக்கு வாருங்கள்.

5. வாக்கியத்தைத் தயார் செய்யுங்கள்

சின்ன வாக்கியம். காரணம் இல்லாத வாக்கியம். மரியாதை குறையாத வாக்கியம். இந்த மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். காரணம் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். "மேனேஜர் சரியில்லை, அதான் வேலையை விட்டேன்" என்றால், "எந்த ஆபீஸ்ல மேனேஜர் சரியா இருக்கார்?" என்று வரும். "சம்பளம் பத்தலை" என்றால், "எவ்வளவு வாங்குன?" என்று வரும். ஒவ்வொரு காரணமும் அவர் பிடித்து இழுக்க நாம் நீட்டும் நூல்.

பெரியம்மா ஒருவரோடு நடந்த தொலைபேசிப் பேச்சை அப்படியே தருகிறேன்.

"வேலையை விட்டுட்டியாமே?"

"ஆமா பெரியம்மா."

"எதுக்கு?"

"யோசிச்சுத்தான் முடிவு பண்ணோம்."

"கையில சேமிப்பு எவ்வளவு இருக்கு?"

"அதை நாங்க பாத்துக்குறோம். உங்க முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?"

"அது கிடக்குது விடு. இந்தக் காலத்துல யாராவது இருக்கிற வேலையை விடுவாங்களா?"

"நீங்க கவலைப்படுறது புரியுது. அதை நாங்க பாத்துக்குறோம்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்ற மாதிரி வந்தா நானே கூப்பிட்டுச் சொல்றேன் பெரியம்மா. இப்ப கொஞ்சம் வேலை இருக்கு, வைக்கட்டுமா?"

இதில் பொய் எதுவும் இல்லை, எதிர்த்துப் பேசியதும் இல்லை. "அதை நாங்க பாத்துக்குறோம்" என்ற வாக்கியம் சொல் மாறாமல் இரண்டு முறை வருகிறது. இரண்டாவது முறை சொல்லும்போது குரல் உயரக் கூடாது. அங்கேதான் பயிற்சி வேண்டும். "பெரியம்மா" என்று கூப்பிடுவதும் "நீங்க" என்பதும் கடைசிவரை இருக்கிறது. பேச்சை முடித்தது நாம்.

நேரடியாக எல்லை சொல்ல வேண்டிய கட்டமும் வரும். அப்போது இப்படிச் சொல்லலாம்: "மாமா, என் உடம்பைப் பத்தி இனிமே பேச வேண்டாம். பேசினா நான் எழுந்து போயிடுவேன்." இரண்டாவது பகுதி உங்கள் கையில் உள்ள செயலாக இருக்க வேண்டும். "பேசினா உங்களை மன்னிக்கவே மாட்டேன்" என்பது வெறும் கோபம், அதைச் செயல்படுத்த வழியில்லை. எழுந்து போவது உங்களால் முடியும். சொன்னால், அடுத்த முறை கட்டாயம் எழுந்து போக வேண்டும். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள்.

"நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கும் எதையும் விட்டுவிடுங்கள். அதைச் சொன்னதும் பேச்சு உங்கள் எல்லையில் இருந்து அவர் குணத்துக்குப் போய்விடும். பிறகு பத்து வருடக் கதை வெளியே வரும்.

6. எப்போது, எங்கே சொல்வது

கூட்டத்தில் சொல்லாதீர்கள். நாலு பேர் முன்னால் அவர் பின்வாங்க முடியாது; மானப் பிரச்சினையாகிவிடும். தனியாக, பகலில், இருவருக்கும் பசியோ அவசரமோ இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். குடும்ப நிகழ்ச்சி வரப்போகிறது என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பேசிவிடுங்கள். முந்தின நாள் சொன்னால் நிகழ்ச்சியைக் கெடுத்தவர் என்ற பெயர் உங்களுக்கு வரும்.

எழுத்தில் சொல்வதா, வாயால் சொல்வதா? பணம், சாவி, ஆவணம் என்றால் எழுத்து. மனத்தாங்கல் என்றால் வாய். எழுதிய செய்தி அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட்டாகப் பத்து பேருக்குப் போகும், நீங்கள் எழுதிய தொனியில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் எதையும் அனுப்பாதீர்கள்.

விதிவிலக்கு ஒன்று: உங்கள் குழந்தையை அதன் முன்னாலேயே மட்டம் தட்டினால், நேரம் காலம் பார்க்காமல் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். "அப்படிச் சொல்லாதீங்க அத்தை." அவ்வளவுதான். அத்தைக்குப் புரிகிறதோ இல்லையோ, குழந்தை கேட்க வேண்டும்.

நெஞ்சு படபடக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். தம்பதியரின் வாக்குவாதங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், உடல் அப்படிக் கொதித்த நிலையில் பேச்சு உருப்படாது, குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்கிறார். உறவினரோடு பேசும்போதும் இதைத்தான் பின்பற்றுகிறேன். "ஒரு நடை போயிட்டு வர்றேன்" என்று எழுந்தால் யாரும் தடுப்பதில்லை.

7. சொன்ன பிறகு: முதலில் மோசமாகும், பிறகுதான் குறையும்

பலர் கைவிடுவது இங்கேதான், ஆகவே தெரிந்துகொண்டு இறங்குங்கள். எலிகளையும் புறாக்களையும் வைத்துச் சோதனை செய்த உளவியலாளர் ஸ்கின்னரின் காலத்தில் இருந்தே தெரிந்த விஷயம் இது: இத்தனை நாள் பலன் கொடுத்த செயல் திடீரென்று பலன் கொடுக்காமல் போனால், அது நிற்பதற்கு முன் சில சமயம் வேகமெடுக்கும். வராத லிஃப்ட்டின் பொத்தானை நாம் மறுபடி மறுபடி அழுத்துவதைப் போல. ஆகவே அழைப்புகள் கூடும், குரல் உயரும், மற்றவர்கள் வழியாகத் தூது வரும். எல்லை வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை.

இன்னொன்றும் அந்தச் சோதனைகளில் தெரிந்தது. எப்போதாவது ஒருமுறை பலன் கிடைக்கிற செயல்தான் மறைய அதிக நாளாகும். நாலு முறை சொல்லாமல் இருந்துவிட்டு ஐந்தாவது முறை சலித்துப்போய்ச் சம்பளத்தைச் சொல்லிவிட்டால், ஐந்து முறை கேட்டால் பதில் கிடைக்கும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். இடையில் தளர்வதை விட, தொடங்காமல் இருப்பதே மேல்.

இந்தக் காலத்தில் வரும் கடினமான அழைப்பு, "உன்னாலதான் அவருக்கு நெஞ்சு வலி" என்பது. அலட்சியப்படுத்தாதீர்கள்; உண்மையாகவே இருக்கலாம். உடனே, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா? வண்டி அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள். உடம்புக்கு மருத்துவர் வேண்டும். அதற்காக உங்கள் முடிவை மாற்ற வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்தால் உண்மையான நோயாளிக்கு உதவி கிடைக்கும், மிரட்டலாக இருந்தால் அது அங்கேயே அடங்கிவிடும்.

8. நேரில் போகும்போது

திரும்பும் நேரத்தைப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். "நாலு மணிக்குக் கிளம்பணும்" என்று வாசலில் நுழையும்போதே சொன்னால், நாலு மணிக்குக் கிளம்புவது கோபமாகத் தெரியாது. சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போங்கள். அவர்கள் வண்டியில் போனால் அவர்கள் கிளம்பும்போதுதான் நீங்கள் கிளம்ப முடியும். வெளியூர் என்றால் வேறு இடத்தில் தங்குங்கள். செலவு கூடும்தான். இரண்டு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்து மூன்று மாதம் பேசாமல் போவதை விட அது குறைவு.

9. தூரம் கூட்டுவதும் திரும்ப ஏற்பதும்

சில மாதம் கழிந்தும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் தொடர்பைக் குறையுங்கள். அறிவிப்புச் செய்யாமல் குறையுங்கள். வாரம் ஒருமுறை பேசியது மாதம் ஒருமுறை ஆகட்டும். உடம்பு சரியில்லாதபோது விசாரியுங்கள், நல்லது கெட்டதுக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வாருங்கள். "இனி உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்று சொன்னால், மனம் மாறினாலும் அந்தச் சொல்லே தடுக்கும்.

அவர் மாறினால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வர மாட்டார், அதை எதிர்பார்க்காதீர்கள். ஒருநாள் போன் செய்து, வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்காமல், வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிடுவார். அப்படி நடந்தால் அடுத்த வாரம் நீங்களாகக் கூப்பிடுங்கள். பழையதை எடுக்காமல் பேசுங்கள். அவர் கேட்காத விஷயத்தில் சின்னதாக ஒன்றை நீங்களே சொல்லுங்கள், குழந்தையின் பள்ளியில் நடந்த ஏதோ ஒன்று. அது வேறு யார் வாயிலாவது திரும்பி வருகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். வரவில்லை என்றால் இன்னொன்றைச் சொல்லலாம்.